ஒன்றின் முன் நிற்பது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1939 ஆகஸ்டு மாதம், போர் மூள்வதற்குச் சில நாள் முன்பு, லண்டன் தேசியக் கலைக்கூடத்தின் ஓவியங்கள் ரயிலேறி வேல்ஸ் பக்கம் போயின. 1941-இல் அவை மனோட் என்ற இடத்தில் இருந்த கற்சுரங்கம் ஒன்றுக்குள் குடிபுகுந்தன. டிரஃபால்கர் சதுக்கத்துக் கலைக்கூடக் கட்டடத்தில் மிஞ்சியது வெறுஞ்சுவர்தான். அந்தக் கட்டடத்தின் மீதும் குண்டுகள் விழுந்தன. ஆனாலும் மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞரின் முயற்சியால் அங்கே மதிய வேளைகளில் இசை நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்தன. படம் இல்லாத கலைக்கூடத்துக்கு மக்கள் பாட்டுக் கேட்க வந்தார்கள்.

1942 ஜனவரியில் டைம்ஸ் நாளேட்டுக்கு வாசகர் ஒருவர் கடிதம் எழுதினார். ஊரே சிதைந்து கிடக்கிறது, இந்த நேரத்தில்தான் நல்ல ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று மனம் தவிக்கிறது என்பது அதன் சாரம். கலைக்கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க் அதைக் காதில் போட்டுக்கொண்டார். எல்லாப் படங்களையும் கொண்டுவருவது ஆபத்து. ஒன்றைக் கொண்டுவரலாம். அந்த ஒன்றுக்கு ஏதாவது நேர்ந்தாலும் மற்றவை சுரங்கத்தில் பத்திரமாக இருக்கும். இப்படித்தான் மாதம் ஒரு படம் என்ற ஏற்பாடு பிறந்தது. சுரங்கத்திலிருந்து ஒரே ஒரு ஓவியம் லண்டன் வரும். கலைக்கூடத்தின் ஓவியங்களில் மாதம் முழுக்க அது மட்டுமே காட்சியில் இருக்கும்.

தொடக்க மாதங்களில் வந்தவற்றுள் ஒன்று டிஷியன் 1514 வாக்கில் தீட்டிய ஓவியம். உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் தோட்டத்தில் காண்கிறாள். முழந்தாளிட்டுக் கை நீட்டுகிறாள். அவர் தொட விடாமல் உடலை வளைத்து ஒதுங்குகிறார். ஒதுங்கும்போதே அவள் பக்கம் குனிந்தும் நிற்கிறார். விலகுதலும் நெருக்கமும் ஒரே உடலில் இருக்கின்றன. கணவனும் மகனும் கடல் தாண்டிப் போயிருக்க, பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிட்டு இருந்த ஒரு நகரத்து மக்கள், கை நீட்டியும் தொட முடியாத இந்தக் காட்சியை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அடுத்தடுத்த மாதங்களிலும் வந்தார்கள்.

அந்த லண்டன்வாசிகள் நம்மைவிடப் பொறுமைசாலிகள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வேலைக்கு நடுவே, சைரன் ஒலிக்கக்கூடும் என்ற பதற்றத்தோடு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கிடைத்த ஒரே வசதி, அடுத்த படம் என்று ஒன்று அங்கே இல்லாததுதான். நின்று நிதானமாகப் பார்ப்பதைத் தனிமனிதப் பண்பாகவே நாம் பேசிவருகிறோம். பார்க்கத் தெரியாத தலைமுறை, கைபேசி கெடுத்த கண்கள் என்று புலம்புகிறோம். அதைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நிற்பதற்கு நம் அருங்காட்சியகங்கள் இடம் தருகின்றனவா?

முதலில் நிலவரம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி ஸ்மித்தும் லிசா ஸ்மித்தும் புகழ்பெற்ற ஆறு ஓவியங்களின் முன் பார்வையாளர்கள் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஆய்வு 2001-இல் வெளியானது. சராசரி 27.2 வினாடி. ஆனால் சிலர் நெடுநேரம் நிற்பதால் சராசரி உயர்ந்துவிடுகிறது. நடுவில் நிற்கும் பார்வையாளரை எடுத்துக்கொண்டால் 17 வினாடிதான். பாதிப்பேர் அதற்கும் குறைவு. பின்னர் சிகாகோ கலைக் கழகத்தில் இதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது சராசரி 28.63 வினாடி, நடு அளவு 21. இடைப்பட்ட காலத்தில் கைபேசி எல்லார் கைக்கும் வந்துவிட்டது. ஓவியத்தோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் வந்துவிட்டது. பார்க்கும் நேரம் மட்டும் ஏறக்குறைய மாறவில்லை. கைபேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்த இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரம் கைபேசிக்கு மூத்தது.

எவ்வளவு மூத்தது? பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இலேயே அருங்காட்சியகக் களைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் தத்துவம் பேசவில்லை, ஒளிப்படங்களைக் காட்டினார். ஒரு மனிதரைக் காட்சிக் கூடத்தில் நடக்கவிட்டு, சில எளிய கேள்விகளுக்குப் பொருள்களைப் பார்த்துப் பதில் சொல்லச் சொன்னார். அந்த மனிதர் கண்ணாடிப் பேழைக்கு முன் இடுப்பை ஒடித்துக் குனிகிறார், முழங்காலை மடக்குகிறார், கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு பேழையிலும் இந்தத் தண்டனை. இப்படிப் பத்துப் பேழைகளைக் கடந்த ஒருவர் பதினோராவதை மேலோட்டமாகத்தான் பார்ப்பார். கண் சோர்வதற்கு முன்பே இடுப்பும் காலும் சோர்ந்துவிடுகின்றன. பொருளை எந்த உயரத்தில் வைப்பது, எத்தனை பொருளை வைப்பது என்ற கேள்விகள் அழகியல் கேள்விகளே என்பதை கில்மன் நூறாண்டுக்கு முன் சொல்லிவிட்டார்.

அதே பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இன்று ஓர் ஓவியம் இருக்கிறது. ஜான் சிங்கிள்டன் காப்லி 1765-இல் வரைந்தது. மெருகேற்றிய மேசைக்குப் பின்னால் ஒரு சிறுவன். ஓவியரின் தாய்வழித் தம்பி ஹென்றி பெல்லம். மேசை மேல் ஒரு பறக்கும் அணில், அதன் கழுத்திலிருந்து நீளும் பொற்சங்கிலி சிறுவனின் விரல்களில். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குவளை, பின்னால் சிவப்புத் திரை. ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தம் மாணவர்களுக்குத் தரும் பாடத்தை அவரே ஒருமுறை இந்த ஓவியத்தின் முன் செய்துகாட்டினார். பாடம் இதுதான்: ஏதேனும் ஒரு கலைப்படைப்பைத் தேர்ந்தெடு, அதன் முன் மூன்று மணி நேரம் இரு, பார்த்ததை எல்லாம் குறித்துக்கொள். ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் படி அது.

மூன்று மணி நேரம் என்றதும் மாணவர்கள் மிரளுகிறார்கள். அப்படி மிரள வேண்டும் என்றுதான் அவரும் அந்தக் கால அளவை வைத்திருக்கிறார். காப்லி ஓவியத்தின் முன் அவருக்கு நேர்ந்ததை 2013-இல் ஹார்வர்டு இதழில் எழுதினார். சிறுவனின் காது வளைவும் அணிலின் வயிற்று மயிரோர வளைவும் ஒரே வடிவம் என்பது ஒன்பதாவது நிமிடத்தில் கண்ணில் படுகிறது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் அகலமும் குவளை வாயின் அகலமும் ஒன்று என்பது இருபது நிமிடம் கடந்தபின். பின்னால் தொங்கும் திரை ஏனோதானோவென்று மடிந்திருப்பதுபோல் தோன்றினாலும், அதன் மடிப்புகள் காதையும் கண்ணையும் திரும்பச் சொல்கின்றன என்பது தெரிய முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒளிப்படத்தைப் பார்ப்பதுபோல இந்த ஓவியம் ஒரே வீச்சில் கண்ணுக்குள் வந்துவிடுகிறது என்று நினைத்தவர், கண்ணுக்கு வந்ததெல்லாம் புத்திக்கு வந்துவிடவில்லை என்று உணர்கிறார்.

காப்லி வாழ்ந்த பாஸ்டனில் பெரிய ஓவியக்கூடமோ கலைப்பள்ளியோ கிடையாது. தன் தரம் என்னவென்று தெரிந்துகொள்ள அவர் இந்த ஓவியத்தைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார். 1766-இல் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. ஜோஷுவா ரெனால்ட்ஸும் பெஞ்சமின் வெஸ்ட்டும் சொன்ன கருத்துகள் மாதக்கணக்கில் கடல் தாண்டி அவரை வந்தடைந்தன. ஓவியமே காத்திருப்பதற்காக, தூரம் கடப்பதற்காகச் செய்யப்பட்டது என்கிறார் ராபர்ட்ஸ். அவர் கற்பிக்கும் மூன்று மணி நேரத்துக்கு ஓவியத்துக்குள்ளேயே நியாயம் இருக்கிறது.

கென்னத் கிளார்க் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார். போருக்குப் பின், 1960-இல், ஓவியங்களைப் பார்ப்பது பற்றி எழுதிய நூலில், தூய அழகுணர்வு என்பது ஆரஞ்சுப் பழத்தின் மணம் நிலைக்கும் அளவுக்குத்தான் நிலைக்கும், தமக்கு அது இரண்டு நிமிடம்கூட நீடிப்பதில்லை என்கிறார். மாதம் முழுக்க ஒரே படத்தைக் காட்டியவர் இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். அவர் தொடர்ந்து சொல்வதைக் கேட்டால் முரண் இல்லை. அந்த முதல் மயக்கம் கலைந்ததும் புத்தி வேலை செய்ய வேண்டும். ஓவியரின் வாழ்க்கை, அவருடைய மற்ற படங்கள், இந்தக் கோடு ஏன் இங்கே நிற்கிறது என்ற கேள்வி. கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் இளைப்பாறி, மறுபடி புதிதாகப் பார்க்கத் தொடங்கும். நின்று பார்த்தல் என்பது இமைக்காமல் உற்றுப் பார்ப்பது அல்ல என்பதைத் தெளிவாக்கியதற்காக கிளார்க்குக்கு நன்றி சொல்ல வேண்டும். பலர் இந்தப் பழக்கத்துக்குள் வராததற்குக் காரணமே, ஏதோ தியானம் போல மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டும் என்ற அச்சம்தான். வேண்டியதில்லை. கண் அலையட்டும், கால் மட்டும் அங்கேயே நிற்கட்டும்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசர் இந்தப் பேச்சுக்கு நேரடி உறவுடையவர். சென்னைக்கு ஒருபோதும் வராத ஒரு மனிதர் அவரை நிதானமாகப் பார்த்திருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடன், விக்டர் கோலுபேவ் தந்த ஒளிப்படங்களை வைத்துக்கொண்டு அந்தச் செப்புத் திருமேனியைப் பற்றி எழுதினார். 1913 வாக்கில் எழுதிய அந்தக் குறிப்பு, அவர் 1917-இல் இறந்த பிறகு, 1921-இல் அச்சானது. முகத்தை நேரே பார்க்கிறார், முக்கால் பக்கமாகப் பார்க்கிறார், பக்கவாட்டில் பார்க்கிறார். உதட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்குகிறார், கைகளுக்கு, கால்களுக்கு, நிழல்களுக்கு. படிமவியல் நூல்களின் துணையெல்லாம் அவருக்கு இல்லை. டமருவும் தீயும் முயலகனும் எதைக் குறிக்கின்றன என்று அறிந்தவர்கள் அந்தத் திருமேனியை அரை நிமிடத்தில் படித்து முடித்து நகர்ந்துவிடும்போது, அறியாத ரோடன் உதட்டின் வளைவில் தங்கிவிடுகிறார்.

சின்னங்களின் பொருள் தெரிந்திருப்பது நல்லது. அந்த அறிவே நம்மை அவசரப்படுத்தவும் செய்கிறது. பெயரைக் கண்டுபிடித்ததும் பார்த்து முடித்தாகிவிட்டது என்ற நிறைவு வந்துவிடுகிறது.

ரோடனுக்கு இன்னொரு பழக்கம் இருந்ததை அவரோடு உரையாடி 1911-இல் நூல் வெளியிட்ட பால் க்ஸெல் பதிவுசெய்திருக்கிறார். மாலை நேரத்தில் ஒரு விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, பழங்காலக் கிரேக்கச் சிற்பத்தின் படியொன்றின் மீது ஒளியைச் சாய்வாக விழச் செய்து, மெல்ல நகர்த்திக் காட்டினார். பகல் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த வயிற்றிலும் இடுப்பிலும் நூற்றுக்கணக்கான சிறு மேடுபள்ளங்கள் எழுந்தன. நம் உற்சவ மூர்த்திகளை வார்த்த ஸ்தபதிகளுக்கும் இந்த ஒளி பழக்கமானதே. தீவட்டி வெளிச்சத்தில், தோளில் சுமக்கிறவர்களின் நடைக்கு ஏற்ப அசைந்துகொண்டு வரும் உருவத்தைத்தான் அவர்கள் மனத்தில் கண்டிருக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் அசையாத வெள்ளை விளக்குக்கு அடியில், அந்த அசைவைப் பார்வையாளர்தான் தர வேண்டியிருக்கிறது. ஓரடி இடம் தள்ளி நின்றாலே தோளில் விழும் ஒளி மாறும்.

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகன தேவரை எடுத்துக்கொள்வோம். சீர்காழிக்கு அருகிலுள்ள திருவெண்காட்டுக் கோயிலுக்கு உரியவர். ராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இத்திருமேனியைக் குறிப்பதால் ஆண்டு 1011 என்று தெரிகிறது. தேவியின் திருமேனி அடுத்த ஆண்டு, 1012. சோழர் செப்புத் திருமேனிகளில் இவ்வளவு துல்லியமாகக் காலம் தெரிந்தவை குறைவு. அதனால் ஆய்வாளர்களுக்கு இது அளவுகோல். மற்றவர்களுக்கு?

முதல் பார்வையில் ஓர் அழகான இளைஞன் நிற்கிறான். நான்கு கை இல்லை, மழுவும் மானும் இல்லை, இரண்டே கை. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டியிருக்கிறான்; கொஞ்சம் நின்றால் அந்தச் சுற்றுகளுக்கு நடுவே பாம்பு தெரியும். இடக்கை தொடையோரம் தளர்ந்து தொங்குகிறது. வலக்கை முழங்கையில் மடங்கி, பக்கவாட்டில் உயர்ந்து நிற்கிறது. கால்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. இவ்வளவும் அந்த 17 வினாடிக்குள் வந்துவிடும்.

அதற்கு மேல் நிற்கிறவருக்கு ஒரு சங்கடம் தொடங்குகிறது. அந்த வலக்கை எதன் மேல் இருக்கிறது? கீழே ஒன்றும் இல்லை. ஆனால் அது காற்றில் நீட்டிய கை அல்ல. மணிக்கட்டு தளர்ந்திருக்கிறது, விரல்கள் எதையோ நம்பிப் படிந்திருக்கின்றன. தெருவோரத்தில் மாட்டின் மேல் கை போட்டுக்கொண்டு கதை பேசுகிறவரின் கை. இன்று அவருடன் காளை இல்லை. ஆனால் அதன் முதுகு எந்த உயரத்தில் இருந்தது என்பதைக் கை சொல்கிறது. எவ்வளவு பாரத்தை அது தாங்கியது என்பதை இடுப்பின் சாய்வு சொல்கிறது. முழுப் பாரம் இல்லை, தோழமைக்குச் சாய்கிற அளவுதான். ஊர்தியை ஏவும் எசமானனின் தோரணை இந்த உடலில் எங்கும் இல்லை. இல்லாத காளையைப் பார்வையாளர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்த பிறகு அதைக் காணாமல் இருக்க முடிவதில்லை. விளக்கப் பலகையில் ரிஷபம் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடலாம். அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்கிறவருக்கு இந்தக் கண்டுபிடிப்பு கிடைக்காது.

பார்த்த பிறகே படிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருப்பது நல்லது. முதலில் கண், பிறகு பலகை, பிறகு மறுபடியும் கண்.

உற்சவ மூர்த்திகளின் விஷயத்தில் அருங்காட்சியகம் தரும் அபூர்வமான வாய்ப்பு ஒன்று இருக்கிறது. கோயிலில் அவர்கள் பட்டும் மாலையும் நகையும் அணிந்து வருவார்கள்; முகமும் கையும் பாதமும்தான் பக்தர் கண்ணுக்குத் தெரியும். ஆடைக்குள் மறையப்போகும் முதுகை, தண்டுவடத்தின் பள்ளத்தை, பிடரியில் விழும் சடையை, தலைக்குப் பின்னாலுள்ள சிரச்சக்கரத்தை ஸ்தபதி முகத்துக்குக் குறையாத கவனத்தோடு முடித்திருக்கிறார். மெழுகில் உருவைச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்தெடுக்கும் முறை. ஒரு மெழுகுக்கு ஒரே படிமம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே செய்த வேலை அந்த முதுகு. அதைச் சுவரோரம் ஒட்டி வைத்து மறைத்துவிடுகிற காட்சியமைப்பைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பொறுப்பதில்லை. சுற்றி வர இரண்டடி இடம் விடலாம். இடம் இல்லையென்றால் பின்னால் ஒரு கண்ணாடி வைக்கலாம்.

சில திருமேனிகளில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். உலோகத்தின் குறையோ வார்ப்பின் குறையோ அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பாலும் தயிரும் சந்தனமும் கொண்டு அபிடேகம் செய்து துடைத்த கைகள் தேய்த்த தேய்வு. பீடத்தில் கழி செருகும் துளைகளையும் வளையங்களையும் பார்க்கலாம். தெருவுலாவின் சான்றுகள் அவை. பல சோழர் படிமங்களில் சிவனின் இரண்டு காதுகளிலும் அணி வேறுபடும், இடக்காதில் தோடு இருக்கும். ஞானசம்பந்தரின் முதல் பதிகம் அந்தத் தோட்டைச் சொல்லித்தான் தொடங்குகிறது. பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தோட்டைச் செம்பில் தேடிப் பார்த்திருப்பார்கள்?

இப்படிப் பார்ப்பதால் வேறு பயன் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு யேல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் அனுபவத்தைச் சொல்லலாம். தோல் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மன், யேலின் பிரிட்டிஷ் கலை மையத்துக் கல்வித்துறையைச் சேர்ந்த லிண்டா ஃப்ரீட்லெண்டருடன் சேர்ந்து, மாணவர்களை அந்த மையத்துக்கு அழைத்துப்போனார். ஆளுக்கு ஓர் ஓவியம். நிதானமாகப் பார்த்துவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். அவள் சோகமாக இருக்கிறாள் என்று சொன்னால் எதை வைத்து என்று கேள்வி வரும். பிறகு நோயாளிகளின் ஒளிப்படங்களைத் தந்து சோதித்தபோது, ஓவியம் பார்த்த மாணவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள். முடிவு 2001-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியானது. பயனுள்ள செய்திதான். ஆனால் டிஷியன் முன் நின்ற லண்டன்வாசிக்கு அப்படியொரு பயன் தேவைப்படவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

நியூயார்க்கில் ஃபில் டெர்ரி என்பவர் 2008-இல் ஒரு கண்காட்சிக்குப் போய், ஹான்ஸ் ஹாஃப்மன், ஜாக்சன் பொல்லாக் ஆகியோரின் ஓவியங்களை மட்டும் நெடுநேரம் பார்த்தார். அதிலிருந்து கிளைத்த மெதுகலை நாள் 2010 முதல் ஆண்டுதோறும் பல நாட்டு அருங்காட்சியகங்களில் நடக்கிறது. விதி எளியது: ஐந்து படைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் பத்து நிமிடம், பிறகு எல்லாரும் கூடி உட்கார்ந்து பேச வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

நம் ஊரில் தொடங்க வேண்டிய இடம் பள்ளிச் சுற்றுலா. பேருந்துகள் வந்து நிற்கும். பிள்ளைகள் கைகோத்து வரிசையாக ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறுவார்கள். நடுவில் நிற்பவரை ஆசிரியர் நகரச் சொல்வார். ஆசிரியர் மேல் பழியில்லை. அறுபது பிள்ளைகளையும் எண்ணிக் கூட்டிக்கொண்டு, மாலைக்குள் இன்னும் மூன்று இடம் காட்ட வேண்டும். அந்த மூன்று இடத்தைத்தான் குறைக்க வேண்டும்.

அபிகெயில் ஹௌசனும் ஃபிலிப் யெனவைனும் பிள்ளைகளுக்காக வகுத்த முறையில் மூன்றே கேள்விகள். இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? ஆசிரியர் சரி என்றும் தவறு என்றும் சொல்வதில்லை. பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சொன்ன இடத்தை விரலால் சுட்டுகிறார். கலை வரலாறு படிக்காத ஆசிரியரும் இதைச் செய்யலாம். இருபது பிள்ளைகள் ஒரு குழு. குழுவுக்கு ஒரே திருமேனி. தரையில் உட்கார ஒரு ஜமக்காளம். கால் மணி நேரம். பெயரும் காலமும் கடைசியில் சொன்னால் போதும். குழுக்கள் வேறு வேறு திருமேனிகளைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். பெரியவர்களுக்கு மடக்கு முக்காலி வேண்டும். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் அவற்றை வாயிலருகே அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேண்டியவர் எடுத்துக்கொண்டு போய், விரும்பிய படைப்பின் முன் போட்டு உட்காரலாம். முதியவர்கள், கர்ப்பிணிகள், முழங்கால் வலிக்காரர்கள் இன்று கூடத்தை அரைமணியில் கடந்து வாயிலருகே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். முப்பது முக்காலிகளின் விலை, ஒரு புதிய விளக்கப் பலகைத் திட்டத்தின் செலவில் சிறு பங்குகூட இராது.